கையில் கயிறோடு கரையில் குதித்தேன்

மவ்ரோபெத்ரா தீவு,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் ஃபோத்திஸ் அவர்களுக்கு, தம்பி பந்தெலிஸ் எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் வீட்டுக்காரி எவ்தோக்கியா, மகன், மருமகள், பேரன், ஆடுகள் எல்லோரும் சுகம். பிரேயஸில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கவும், உங்கள் முழங்கால் வலி குறையவும் புனித நிக்கோலாஸை வேண்டிக்கொண்டேன் என்று எழுத வந்தேன். ஆனால் அவருக்கும் எனக்கும் நேற்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், எவ்தோக்கியாவின் காது எட்டாத இடம் இந்தத் தீவில் கிடையாது.

மருமகள் கலியோப்பி பிரசவ வலியில் துடித்தபோது, காற்றில் இறங்க முடியாமல் ஹெலிகாப்டர் திரும்பிப் போனதும், அவள் புனித நிக்கோலாஸுக்கு நேர்ந்துகொண்டதும் உங்களுக்குத் தெரியும். பிள்ளையும் தானும் பிழைத்தால், நாற்பதாம் நாள் கோயில் சடங்குக்குப் பிறகு கடல் வழியாக வந்து நம் துறையில் முதலில் யார் கால் வைக்கிறாரோ அவர்தான் ஞானத்தந்தை, அவர் வாயிலிருந்து வருவதுதான் பெயர் என்று நேர்ந்துகொண்டாள். வலியில் கிடந்த பெண்ணை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேரனுக்கு அப்பா வழிப் பாட்டன் பெயர் என்பது நேற்று வந்த வழக்கமா? நம் தாத்தா பந்தெலிஸ், நான் பந்தெலிஸ், என் பேரனுக்கு மட்டும் எவனோ ஒரு வழிப்போக்கன் வாய்க்கு வந்த பெயரா? அதனால்தான் நாம் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். வியாழக்கிழமைக் கப்பலிலிருந்து நீங்கள் முதல் ஆளாக இறங்குவது, ஞானஸ்நானத் தொட்டி முன்னால் 'பந்தெலிஸ்' என்று சொல்வது. இது தெய்வத்தை ஏமாற்றுவது ஆகாது. தெய்வத்துக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்வது.

புதன்கிழமை சடங்கு முடிந்தது. அன்று மாலையே வடகாற்று கிளம்பியது. வியாழக்கிழமை கப்பல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, கப்பல் இல்லையென்றால் வேறு எவனும் வரப்போவதில்லை, நம் மீனவர்கள்கூட ஒரு படகை அவிழ்க்கவில்லை, அண்ணன் அடுத்த வாரம் வரட்டும் என்று காபிக்கடையில் நிம்மதியாக உட்கார்ந்து ஊசோ சாராயத்துக்குக் கருவாட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முனையைத் தாண்டி ஒரு வெள்ளைப் பாய் தெரிந்தது. அந்தக் காற்றில், அந்தக் கடலில், புத்தி உள்ளவன் கோழியைக்கூடக் குளிப்பாட்ட மாட்டான். இவர்கள் உல்லாசமாகப் பாய்மரப் படகில் வருகிறார்கள். கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து துறைக்கு ஓடினார்கள். கலியோப்பி பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். வருகிறவர் வேறு சபை ஆளாக இருந்தால் ஞானஸ்நான எண்ணெய் பூச வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம், பெயரை மட்டும் அவர்தான் சொல்ல வேண்டும் என்று சாமியார் முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அண்ணா, நான் என்ன செய்வேன்? என் சின்னத் துடுப்புப் படகை அவிழ்த்தேன். அவர்களைத் தெற்கு வளைகுடாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் போதும், அங்கே கரையேறினால் நம் துறைக்குக் கணக்கில்லை. கையை ஆட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன், இங்கே பாறை, இங்கே ஆழமில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். படகில் ஒரு பின்லாந்துக்கார அம்மாள், பிர்க்கோ என்று பெயர், சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் உள்ளே வாளியும் கையுமாகப் படுத்திருந்தான். நான் அவர்களைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்து வந்திருப்பதாக அந்த அம்மாள் நினைத்துவிட்டாள். ஒரு அலை என் படகைத் தூக்கி அவர்கள் படகின்மேல் அடித்தது. அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து, மீனைத் தூக்குவதுபோல் மேலே தூக்கிப் போட்டாள். ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

பிறகு நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகத் துறையை நோக்கி வந்தாள். சும்மா சொல்லக் கூடாது, கைகாரி. ஆனால் காற்று முன்பக்கத்தைப் பிடித்துத் தள்ள, படகு மொத்தமாகச் சாய்ந்து துறையில் கட்டியிருந்த என் மீன்பிடிப் படகைப் பார்த்துப் போகிறது. போன வசந்தத்தில்தான் அதற்கு வர்ணம் அடித்தேன். அந்த அம்மாள் பின்கயிற்றை என் கையில் திணித்தாள். அறுபது வருடம் கடலில் கிடந்த உடம்பு, அண்ணா. மூளையைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? கயிறோடு குதித்தேன், வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினேன், படகு நின்றது. ஆஹா, என்ன அழகாகக் கட்டினோம் என்று நிமிர்ந்து பார்க்கிறேன், ஊரே என் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. எவ்தோக்கியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்ன மாமா, நீங்களா?" என்றாள் கலியோப்பி.

எனக்குப் புரியவே இல்லை. குனிந்து என் காலைப் பார்த்தேன். துறையில்தான் இருந்தது.

நான் வாதாடிப் பார்த்தேன். நான் உள்ளூர்க்காரன் என்றேன். வேண்டுதலில் வெளியூர் என்று இல்லையே என்றார்கள். பாட்டன் ஞானத்தந்தை ஆகலாமா என்றேன். பெற்றவர்கள்தான் கூடாது, பாட்டன் ஆகலாம் என்றார் சாமியார். ஒரு நிமிடம் எனக்கே சந்தோஷம் வந்தது. பெயர் என் வாயில் அல்லவா இருக்கிறது என்று சிரித்தேன். சாமியார் என் தோளில் கை போட்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

"பந்தெலிஸ், தொட்டி முன்னாடி பேர் என்னன்னு கேப்பேன். உன் பேரை நீயே சொல்லிக்குவியா? சொல்லிட்டு இந்த ஊர்ல நடமாடிருவியா?"

தொட்டி முன்னால் தன் பெயரைத் தானே சொல்கிறவன் அந்தப் பெயரோடு உயிரையும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஈஸ்டரைப் பார்க்காமல் போவான் என்று நம் தீவில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பாமல் இருக்கத் தைரியமும் இல்லை. உயிர் பிழைத்தாலும் காபிக்கடையில் பிழைக்க முடியாது. ஆக, இந்த உலகத்தில் யார் வேண்டுமானாலும் என் பேரனுக்குப் பந்தெலிஸ் என்று பெயர் வைக்கலாம், பந்தெலிஸைத் தவிர.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அப்பா வழிப் பாட்டன் பெயர் இல்லையென்றால் அடுத்த உரிமை அம்மா வழிப் பாட்டனுக்காம். த்ராசிவுலோஸுக்கு. என் வலைமேல் வலை போட்ட அதே சம்பந்தி. ஒரே கடையில் முப்பது வருடம் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக் காபி குடித்தோம். பிள்ளைகள் கல்யாணத்தன்றும் அப்படித்தான். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். ஆண் வாரிசு கிடையாது, அந்தப் பெயரும் அவனோடு போயிற்று. செத்தவனைக் குறை சொல்லக் கூடாது, அதனால் நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பெயர் நம் வீட்டில் ஒலிக்க வேண்டுமென்றால் என் பிணத்தைத் தாண்டித்தான்.

ஆகையால் நீங்கள் கடிதம் கண்டவுடன் நம் சபைத் தலைவரான மேற்றிராணியாரைப் பார்த்து, கயிறு கட்டுவதற்காகக் குதித்தால் அது கால் வைத்ததாகாது என்று ஒரு உத்தரவு வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று ஞானஸ்நானம் என்கிறார்கள். ஞாயிறன்று எனக்கு வயிற்று வலி வரும். உத்தரவு வரும்வரை நிற்காது. காற்று தணிந்ததும் பிர்க்கோ அம்மாள் பக்கத்துத் தீவுக்குப் போகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் வீட்டில் எண்ணெயும் ரொட்டியும் குறையாமல் இருக்கட்டும். அண்ணிக்கு என் வணக்கம். நம் குடும்பப் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பை உங்கள் கையில் விட்டுவிட்டு,

கலங்கிய மனத்தோடு,
தம்பி பந்தெலிஸ்.

பின்குறிப்பு (திங்கட்கிழமை): காற்று தணியாததால் கடிதம் என் பையிலேயே கிடந்தது. மேற்றிராணியாரிடம் போக வேண்டாம். வயிற்று வலி ஞாயிறு காலை வந்தது. எவ்தோக்கியா விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்ததும் போய்விட்டது. யாரும் வாய் திறக்க முடியாதபடி 'நிக்கோலாஸ்' என்று சொல்லிவிடலாமென்று முடிவு செய்துதான் கோயிலுக்குப் போனேன். பெயர் வெளியே வந்து சேரும்வரை தாய் உள்ளே வரக் கூடாது அல்லவா, கலியோப்பி வாசலுக்கு வெளியே காற்றில் தனியாக நின்றாள். அவள் அப்பனின் பழைய கடல் கோட்டைப் போட்டிருந்தாள். கை அதற்குள் தெரியவே இல்லை. எனக்கு மனசு என்னவோ செய்தது. சாமியார் பெயர் என்ன என்று கேட்டார். 'த்ராசிவுலோஸ்' என்றேன். அவருக்கு நம்பிக்கை வராமல் மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். வெளியே போய் யாரோ சொல்ல, அந்தப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எழுதுவதில் வெட்கமில்லை.

ஆனால் நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முப்பது வருடமாக அந்தப் பெயரைச் சொன்ன கையோடு தரையில் துப்புவது என் வழக்கம். இன்று காலை தொட்டிலைப் பார்த்து, "த்ராசிவுலோஸ், என் ராஜா, எந்திரிச்சிட்டியாடா?" என்றேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. கண் பட்டுவிடப் போகிறதே என்று பதறிப்போய் மூன்று தடவை துப்பினேன்.