பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஐந்தாண்டுத் திட்டம்

மயிலம் பக்கம்,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி அரிபிரசாத்துக்கு,

அக்கா சூர்யகலா எழுதுவது. மயிலத்து முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் என் முழங்காலும் பள்ளிக்கூடத்துக் கூரையும் நலம். கூரை மட்டும் மழைக்கு லேசாகக் கண் கலங்கும். விழுப்புரத்தில் நீயும் வீட்டில் உள்ளவர்களும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் "அக்கா, ஒரு நிமிஷம் லைன்ல இரு" என்று சொல்லிவிட்டு வேறு யாருடனோ பேசப் போய்விடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. நாளை என்னோடு வேலை பார்க்கும் சவுரிராயன் சார் விழுப்புரம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை தொடங்கி மூன்று நாள் நீ நடத்தப்போகும் தலைமையாசிரியர் பயிற்சியில், என் ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தைப் பற்றி நான் மேடையேறிப் பேசுவதாக என்னைக் கேட்காமலே அழைப்பிதழில் போட்டுவிட்டாய். "ஒரு சின்ன கிராமத்துப் பள்ளியின் பெரிய சாதனை" என்று வேறு அடித்திருக்கிறாய். நான் வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி. இடையில் ஓர் இடம் வரும், அதைக் கல்வி அதிகாரியாகப் படிக்காதே, தம்பியாகப் படி.

அந்தத் திட்டத்தைப் போட்டபோது எனக்கு இருந்த பெருமையை நீயே பார்த்தாய். ஒன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் எந்த மாதத்தில் எதைப் படிக்கும் என்று பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் எழுதி, ஐந்து வகுப்புக்கு மூன்று பருவம் வீதம் பதினைந்து தாள்களைக் கரும்பலகை ஓரத்திலிருந்து வரிசையாக ஒட்டினேன். சுவர் போதாமல் ஐந்தாம் வகுப்பின் மூன்றாம் பருவம் ஜன்னல் கதவுக்குப் போனது. காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் அந்தப் பருவம் முழுக்க வெளியே போய் வெயில் காயும். பாடங்களைத் தனித்தனியாக நடத்தாமல் ஒன்றோடொன்று கோத்தேன். புரட்டாசி மல்லாட்டை மாதம். தமிழில் மல்லாட்டையை வேர்க்கடலை என்று புத்தகத் தமிழில் பத்தி எழுதுவது, கணக்கில் நிறுப்பது, அறிவியலில் முளைக்க வைப்பது, சமூக அறிவியலில் மண்ணைப் பார்ப்பது. போன வருடம் கணக்குப் பாடத்துக்கு ஐந்து கிலோ வாங்கி வைத்தேன். அறிவியல் பாடவேளை வந்தபோது முக்கால் கிலோதான் இருந்தது. மீதி எங்கே என்று கேட்டதற்கு வெற்றிவேல் என்ற மூன்றாம் வகுப்புப் பையன் எழுந்து, "அதத்தான் டீச்சர் கழித்தல்னு சொன்னீங்க" என்றான். ஐப்பசி ஏரி மாதம். நான்கு பாடத்திலும் ஏரியையே சொல்லிக்கொண்டிருந்ததில் சவுரிராயன் சார், "மேடம், இன்னும் ஒரு வாரம் இதையே பேசினோம்னா ஏரி தானா ஒடச்சிக்கினு ஓடிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் பள்ளியில் இருப்பதே அவரும் நானும்தான். அவரும் தினம் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பதால் ஏரியை மூன்று பாடமாகக் குறைத்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கடங்கள். திட்டத்தில் நான் செய்த பெரிய வேலை வேறு. ஆடியில் திருவிழா, ஐப்பசியில் மழை, பிள்ளைகள் நிலையாக உட்காருவதே தைக்குப் பிறகுதான் என்று கணக்குப் போட்டு, கடினமானதையெல்லாம் மூன்றாம் பருவத்துக்குத் தள்ளினேன். பின்னம், கடிகாரம், வரைபடம், கடிதம் எழுதுவது எல்லாமே பொங்கலுக்கு அப்புறம். ஒரு வகுப்பில் இல்லை, ஐந்து வகுப்பிலும். நீயும் அதைப் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, ஒரே சீரா இருக்குது" என்றாய். ஆமாம், தப்பும் ஒரே சீராகத்தான் இருந்தது.

நான் திட்டம் போட்ட வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள் துர்கா. என் திட்டத்தின் முதல் பிள்ளை. இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். உன் மேடையில் இவளைப் பற்றித்தான் பேசலாம் என்று ஐப்பசி மாதம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, நான்கு வருடத்தில் என்ன படித்தாள் என்று பார்க்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு வகுப்பின் முதல் பாடமும் தலைகீழாய்ச் சொல்கிறாள். பெருக்கல் தண்ணீர் பட்ட பாடு. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மணி என்ன என்றேன். அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து, "வெயிலு இன்னும் வேப்ப மரத்தாண்ட வரல டீச்சர், பன்னெண்டு ஆவல" என்றாள். அப்போது மணி பதினொன்று ஐம்பது. முக்கால் என்று எண்ணில் எழுதிக் காட்டி இது எவ்வளவு என்றால், "மேல மூணு, கீழ நாலு" என்கிறாள். எனக்குத் தலைக்கு மேல் கோபம். "நாலு வருசமா இதே செவுத்தாண்ட நின்னு தொண்டத்தண்ணி வத்த நடத்திக்கினு இருக்கறேன், நீ எங்கடி போயிருந்த?" என்று கத்திவிட்டேன்.

"சூளைக்கு டீச்சர்" என்றாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை, வருகைப்பதிவில் பெயர் கூப்பிட்டால் உள்ளேன் என்பாளே, அதே குரல்.

அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, அதுதான் கொடுமை. ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்த கையோடு அவள் அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போவார்கள், அவளும் போவாள், ஜூனில் வருவாள். இப்போது தம்பியாகப் படி. நாள்கணக்கில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களே, அப்புறம் ஜூனில் வந்து எங்கே நிற்கும் பிள்ளை என்று பயந்து, நான்தான் அவளுக்கு வருகை போட்டு வந்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். என் பதிவேட்டின்படி துர்கா பின்னத்தை நான்கு முறை படித்திருக்கிறாள். நூற்றுக்கு நூறு வருகைக்கு அவளுக்கு ஒருமுறை டிபன் பாக்ஸ்கூடப் பரிசு கொடுத்திருக்கிறேன். அவள் ஊரில் இல்லாததால் சவுரிராயன் சார்தான் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

அடுத்த ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவாள். எனக்கு இருப்பது இந்தப் பொங்கல் வரைதான். அதனால் அன்றைக்கே திட்டத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். இப்போது எல்லா வகுப்புக்கும் மூன்றாம் பருவம்தான் நடக்கிறது. "புக்கே இன்னும் வரலியே மேடம்" என்றார் சார். மூன்றாம் பருவப் புத்தகம் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதானே வரும்? சொன்னவரே திண்டிவனத்துப் பழைய பேப்பர் கடையில் போய் உட்கார்ந்து, போன வருடத்துப் புத்தகங்கள் பதினொன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். வெளியே மழை கொட்டியது, உள்ளே பிள்ளைகள் கோடை விடுமுறையைப் பற்றிப் படித்தார்கள், புத்தகத்தின் மேல் கூரை சொட்டியது. வெற்றிவேலின் அப்பா வந்து, "அரப்பரிச்சைக்கு எம்புள்ள இன்னா எழுதுவான்?" என்று சண்டை பிடித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் பிள்ளைக்குப் பொங்கலுக்கு அப்புறமும் நான் இருக்கிறேன், துர்காவுக்கு இருக்கமாட்டேனே என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

துர்கா கடிகாரம் பார்க்கக் கற்றுவிட்டாள். அரை, கால் வந்துவிட்டது, முக்காலில் தடுக்குகிறது. வரைபடமும் கடிதமும் பாக்கி. தேர்வும் விடுமுறையும் போக எனக்கு மிஞ்சுவது பதினாறு நாள். அதில் மூன்றை உன் மேடைக்குத் தர முடியாது. தொலைநோக்கு என்று பேசுவதற்கு எனக்கு இப்போது வாயும் இல்லை. ஐந்து வருடம் தள்ளி என்ன நடக்கும் என்று பார்த்தேனே ஒழிய, எதிரில் யார் உட்காரவில்லை என்று பார்க்கவில்லை. அச்சடித்த அழைப்பிதழுக்காக உன் மேலதிகாரியிடம் நீ வாங்கப்போகும் திட்டில் பாதியை என் கணக்கில் ஏற்றிக்கொள்.

குழந்தைகளைக் கட்டி முத்தமிட்டதாகச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு, பிரஷர் மாத்திரையை மறக்காதே, நீடூழி நன்றாக இரு.

உன் அக்கா,
சூர்யகலா.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கடிதத்தை மடிக்கும்போது துர்காவின் அம்மா கவிதா வந்து வாசலில் நின்றாள். "டீச்சர், மழ வுட்டுப்போச்சுன்னு மேஸ்திரி முன்னாடியே கூப்டறாரு. காத்தால லாரி வருது. பாப்பாவ இட்டுக்கினு போறோம்" என்றாள். என் பதினாறு நாளும் ஒரே வார்த்தையில் போயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அது கோபமாக வெளியே வந்தது. "எந்த ஊருக்குத்தான் இட்டுக்கினு போறீங்க?" என்று கத்தினேன். தம்பி, இந்தக் கேள்வியை நான் இந்த நான்கு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சூளை என்றால் ஆந்திரா பக்கம் எங்கேயோ என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். "பனமலை ஏரிக்கு அந்தாண்ட டீச்சர், ரெண்டு பஸ்ஸுதான்" என்கிறாள் கவிதா. கூட வந்த துர்கா சொல்கிறாள்: "அங்க இருக்கிற ஸ்கூல்ல மணி அடிச்சா எங்க கொட்டாய்க்குக் கேக்கும் டீச்சர்."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மேடையில் என் பெயரை எடுத்துவிடு, மைக் வேண்டாம். அந்த மணியை அடிக்கிற பள்ளியும் உன் மாவட்டம்தான், அதன் தலைமையாசிரியர் உன் கூட்டத்துக்கு வருவார்தானே? யார் என்று விசாரித்து, அவருக்குப் பக்கத்து நாற்காலியை எனக்குப் போட்டு வை. துர்கா முக்காலில் நிற்கிறாள் என்று நான் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.