ஒற்றை விளக்கும் ஒரு மூட்டை உப்பும்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் என்றால் நான் "அத்தை" என்று தொடங்குவதற்குள் நீங்கள் பேசி முடித்து வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் என் அக்காவால் குறுக்கே பேச முடியாது, நீதான் படித்தவள், நீயே எழுதிவிடு என்று அப்பா என் தலையில் கட்டிவிட்டார். நீங்களும் மாமாவும் நலம்தானே? உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். இங்கே எல்லோரும் நலம். அது எப்படிப்பட்ட நலம் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை நாட்களைக் குறைத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பிட்டு எழுந்ததும், நம் வீட்டிலேயே பொருளாதாரம் படித்தவள் இருக்கிறாள், நமக்கென்ன கவலை என்றார். அத்தை, நான் படித்த பொருளாதாரத்தில் நாடுகள்தான் வரும், வீடு வராது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு எத்தனை நாள் வரும் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, தொண்டை வரை வந்தது திரும்பிப் போய்விட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிய வேண்டாம் என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மறுநாளிலிருந்து பொழுது சாய்ந்தால் வீட்டில் ஒரே விளக்கு. அது எங்கே எரிகிறதோ அங்கேதான் குடும்பம். அம்மா சமைத்தால் அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வருகிறார், அண்ணன் அரிசி டின் மேல் உட்காருகிறான், எனக்கு நிலைப்படி. அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்தால் எல்லோரும் கூடத்துக்கு மாற வேண்டும். யாராவது குளிக்கப் போனால் மற்ற மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்து ஆச்சா, ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாற்காலி, தலையணை, தைக்க வந்த துணிமூட்டையோடு நாங்கள் அறை அறையாக ஊர்வலம் போவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு நர்ஸ் அக்கா, வீடு காலி பண்றீங்களா, சொல்லவே இல்லையே என்று வருத்தப்பட்டார்.

அப்புறம் இந்த உப்பு. கெட்டுப்போகாத பொருளை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். எல்லோரும் ஒரே விளக்கடியில் இருப்பதால் அப்பா காதிலும் விழுந்துவிட்டது. கெடவே கெடாத பொருள் எது என்று யோசித்தவர், சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை உப்போடு வந்து இறங்கினார். என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் காணும். மழைக்காற்றில் மூட்டை கசியத் தொடங்கியதும் டப்பா டப்பாவாக அள்ளித் தெருவுக்கே கொடுத்தோம். வாங்கினவங்க சும்மா இருப்பாங்களா? ஒருவர் கத்தரிக்காய் தந்தார், ஒருவர் பழைய குடை தந்தார், கடைசி வீட்டுப் பெயிண்டர் ஒரு பூனைக்குட்டியைத் தந்தார். இப்போது பூனைக்குத் தனியாகப் பால் வாங்குகிறோம்.

முடிவெட்டும் செலவை மிச்சம் பிடிக்க, அம்மாவின் துணி வெட்டும் கத்தரியை அண்ணன் எடுத்தான். அப்பாவுக்கு இடது பக்கம் ஏறிவிட்டது என்று வலது பக்கம் வெட்டினான், வலது பக்கம் ஏறிவிட்டது என்று இடது பக்கம் வந்தான், நடுவில் பூனை குறுக்கே பாய்ந்தது. அப்பா ஒரு தொப்பி வாங்கினார். அந்த விலைக்கு நாலைந்து முறை முடி வெட்டியிருக்கலாம். இனிமே முடியே வெட்ட வேணாம்ல, அதுவும் மிச்சம்தான் என்கிறார் அவர். டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டு வெந்நீர் குடிக்கிறார். உடம்புக்கு நல்லதாம்.

ஆகவே அத்தை, விஷயத்துக்கு வருகிறேன். இந்த லீவுக்கு நீங்கள் வர வேண்டாம். நீங்கள் வந்தால் எல்லா விளக்கும் எரியும். நீங்கள் ஒன்று வாங்கினால் அப்பா இரண்டு வாங்குவார், யார் காசு கொடுப்பது என்று கடைவாசலில் அக்காவும் தம்பியும் மல்லுக்கட்டுவீர்கள். நிலைமை சீரானதும் நாங்களே கூப்பிடுகிறோம். கோபித்துக்கொள்ளக் கூடாது என்று மூன்று முறை எழுதச் சொன்னார் அப்பா. தாள் மிச்சமாகட்டும் என்று ஒரு முறையே எழுதுகிறேன்.

மாமாவுக்கு எங்கள் எல்லோருடைய வணக்கமும், பூனையுடையதும்.

இப்படிக்கு,
நீங்கள் பெயர் வைத்தபடியே இன்னும் இருக்கும்,
வாயில்லாப் பூச்சி

பின்குறிப்பு: மேலே உள்ளதை அடுப்படி விளக்கடியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இதை மட்டும் தபால் ஆபீஸ் மேஜையருகே நின்றுகொண்டு எழுதுகிறேன்.

டீயை நிறுத்தச் சொன்னவள் நான்தான் அத்தை. தினம் செய்யும் சின்னச் செலவு பெரிதாகும் என்று சொல்லும்போது, பாடப்புத்தகத்தில் உதாரணம் சொல்வதுபோல டீயைச் சொல்லிவிட்டேன். நேற்று அப்பா வேலை முடிந்து வருவதைத் தெருமுனையிலிருந்து பார்த்தேன். டீக்கடை வருமுன்பே எதிர்ப்பக்கம் தாண்டி, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். டீ மாஸ்டர் விடாமல் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். அப்பா அதைப் பார்க்காததுபோல, வளையல் கடை ஜன்னலை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும், டீ குடிங்கப்பா, அது சும்மா ஒரு உதாரணம் என்றேன்.

"எனக்காகப் பாவம் பாக்காதம்மா. நீ படிச்சதை நாங்களே கேக்கலன்னா வேற யாரு கேப்பா?" என்றார்.

இந்த வீட்டில் இப்போது என்னை எதிர்த்துப் பேச ஆளே இல்லை. அதனால் வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். கடிதமே கிடைக்கவில்லை என்று வந்து இறங்குங்கள். வந்ததும் எல்லா விளக்கையும் போடுங்கள். படிச்ச லட்சணமாடி இது என்று அப்பா முன்னாலேயே என்னைத் திட்டுங்கள், நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், அது எனக்கு நன்றாக வரும். பிறகு அப்பாவின் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போங்கள்.

போகும்போது என்னையும் கூப்பிடுங்கள் அத்தை. அப்பா அங்கே உட்கார்ந்து சிரிப்பதைத் தெருவிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.