எட்டு ஐந்துக்குப் புறப்பாடு

கடிதத்தை மூன்றாவது தடவையும் படித்து முடித்தார் மெத்தைக்காரர். மூன்று தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது.

'வேலையில்லாதோர் உதவித்தொகை கோரித் தாங்கள் அளித்த மனு நிராகரிக்கப்படுகிறது. காரணம்: மனுதாரர் தினமும் வேலைக்குச் சென்று வருகிறார்.'

"நான் எங்கய்யா வேலைக்குப் போறேன்?" என்று பூங்காப் புறாக்களிடம் கேட்டார். புறாக்கள் அவரைப் பார்க்கவில்லை. பெஞ்சில் அவர் பக்கத்தில் இருந்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தன.

பத்தொன்பது வருடம் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் ஸ்பிரிங் பிரிவு மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். மெத்தை ஓரத்தில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதும், உள்ளே எத்தனையாவது ஸ்பிரிங் முரண்டு பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பெனி ஸ்பிரிங்கே இல்லாத மெத்தைக்கு மாறியது. ஸ்பிரிங்கோடு சேர்த்து இவரையும் வெளியே எடுத்தார்கள்.

வேலை போன மறுநாள் வீட்டில் இருந்தார். மாமனாரிடம் லீவு என்று சொல்லிக்கொண்டார். சும்மா இருக்க முடியவில்லை. சோபாவை அமுக்கிப் பார்த்தார். தலையணைகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்தார். சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். உப்பைத் தேடிக்கொண்டிருந்த மனைவிக்குப் பின்னால் மாமனார் கைக்கடிகாரத்தோடு நின்று, "பால் பொங்க இன்னைக்கு ஏழு நிமிஷம். நேத்து அஞ்சரை" என்றார்.

மாமனார் பஸ் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்த பிறகு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். பஸ் இல்லாத வீட்டில் வேறு எதற்குத்தான் நேரம் குறிப்பது? மனிதர்களுக்குக் குறித்தார். ஒரு நீளமான நோட்டு, இரண்டு பேனா. அச்சுக் கோர்த்தது போன்ற கையெழுத்தில், 'மாப்பிள்ளை. புறப்பாடு 8.05. வருகை 5.40.'

அன்று சாயங்காலம் மனைவி அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு வேலை போனது அப்பாவுக்குத் தெரியவே கூடாது. அவர் மனசு தாங்காது."

"அதுக்கு என்ன பண்றது?"

"நாளையிலேர்ந்து வழக்கம்போல எட்டு மணிக்குக் கிளம்பிடுங்க. சாப்பாடு கட்டித் தந்துடறேன். சாயங்காலம் வந்தா போதும்."

அவருக்கும் அது சரியென்றே பட்டது. பெண்ணைக் கொடுத்தவர் முன்னால் வேலை இல்லாதவனாக நிற்பதைவிடப் பூங்காவில் உட்கார்வது மேல்.

உதவித்தொகை அலுவலகத்தில் மனு கொடுத்தார். நாலாம் நம்பர் கவுண்டரில் மீசையை முறுக்கிக்கொண்டே ஒரு குமாஸ்தா கேட்டார்.

"என்ன வேலை பார்த்தீங்க?"

"மெத்தையில உட்கார்ந்து, படுத்து, புரண்டு பார்ப்பேன் சார்."

"இப்ப?"

"சும்மா இருக்கேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு தனித்தாள்ல தெளிவா எழுதிட்டு வாங்க."

எழுதிக் கொடுத்தார். ஏழு வாரம் பதில் இல்லை. எட்டாவது வாரம் ஒரு விசாரணையாளர் வீட்டுக்கு வந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். கால் வலி என்று அன்றைக்கு வீட்டோடு இருந்த மாமனார்தான் கதவைத் திறந்தார். வந்தவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று கேட்கவில்லை. "உங்க மாப்பிள்ளை வேலைக்குப் போறாரா?" என்ற கேள்விக்கு மட்டும் நோட்டை எடுத்துக் காட்டினார். "ஒரு நாள் லேட் கிடையாது. நானும் எத்தனையோ டிரைவரைப் பார்த்தவன். இப்படி ஒரு ஆள் பார்த்ததில்லை."

விசாரணையாளர் நோட்டின் முன்பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார். விளைவு, இந்தக் கடிதமும் அதோடு இணைத்த நோட்டுப் படமும்.

மெத்தைக்காரருக்கு இரண்டு பக்கமும் இடித்தது. தொகை வராவிட்டால் வாடகைக்கு வழி இல்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் மாமனாருக்கு எல்லாம் தெரிந்துவிடும். தொகை வர வேண்டுமென்றால் நோட்டு தப்பு என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் தெரிந்துவிடும்.

"மேல்முறையீடு பண்ணுங்க" என்றாள் மனைவி. "அப்பாவை இழுக்காம வேற சாட்சி கொண்டு போங்க." சொல்லிவிட்டு உள்ளே போய் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். கொஞ்ச நாளாகவே அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஜன்னல்களுக்கெல்லாம் புதுத் திரை தைத்திருந்தாள். தடித்தடியாக நாலு நாவல் படித்து முடித்திருந்தாள். 'எனக்காகக் கவலையை மறைச்சுக்கிட்டுப் பாடறாளே' என்று அவர் உருகிப்போனார்.

மறுநாள் பூங்காக் காவலாளியிடம் போனார். "அண்ணே, நான் தினமும் இங்கதான் இருக்கேன்னு ஒரு கடிதம் தரணும்."

காவலாளிக்குத் தன்னிடம் ஒருவர் கடிதம் கேட்டதே பெருமை. ஒரு பக்கம் நிறைய எழுதினார். 'மேற்படியார் தினமும் காலை எட்டரைக்குத் தவறாமல் வருபவர். நல்ல உழைப்பாளி. சருகு கூட்டுவதிலும் செடிக்குத் தண்ணீர் விடுவதிலும் எனக்குப் பெரிதும் துணையாக இருக்கிறார். இவரை நிரந்தரமாக்கினால் நல்லது.'

மெத்தைக்காரர் உறையைப் பிரித்துப் பார்க்காமல் கவுண்டரில் கொடுத்துவிட்டார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'மனுதாரர் பூங்காவிலும் அறிவிக்காமல் வேலை பார்ப்பதாகத் தெரியவருகிறது.'

"என்ன சார் இது? போர் அடிச்சு ரெண்டு நாள் சருகு கூட்டினேன்!"

"போர் அடிச்சா தூங்கணும் சார்" என்றார் மீசைக்கார குமாஸ்தா. "அதுல உங்களுக்கு அனுபவம் இருக்குமே."

இனிப் பூங்கா வேண்டாம் என்று முடிவு செய்தார். எங்கே உட்கார்ந்தால் 'இவனுக்கு வேலை இல்லை' என்று இவர்களுக்கே தெரியும்? இவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்தால்! அடுத்த நாளிலிருந்து காலை எட்டரைக்கு உதவித்தொகை அலுவலகக் கூடத்திலேயே போய் உட்கார்ந்தார். எதிர்வரிசையில் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். பூங்காவிலும் இதே மாதிரி ஒருவர் உண்டு, பக்கத்தையே திருப்பாமல் மணிக்கணக்கில் படிப்பார். 'பாவம், ஊரெல்லாம் வேலை போனவங்கதான்' என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் சும்மா இருந்தார். மூன்றாம் நாள் ஒரு தையல்காரம்மா படிவத்தைத் தலைகீழாக வைத்து விழித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"பதினோராவது கட்டத்துல கோடு போடுங்கம்மா. காலியா விட்டா நாலு வாரம் தள்ளிடுவாங்க."

அம்மா அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த நாள் ஐந்து பேர் வந்தார்கள். அடுத்த வாரம் அவருக்கென்று ஒரு தனி வரிசையே நின்றது. வாசல் காவலாளி வருகிறவர்களிடம், "சந்தேகம்னா அந்த மெத்தை சாரைப் பாருங்க" என்று கைகாட்டினார். புதிதாகச் சேர்ந்த ஒரு குமாஸ்தா அவரிடம் லீவு விண்ணப்பத்தைக் கொடுத்துக் கையெழுத்துக்கூடக் கேட்டார்.

பத்தாம் நாள் கோப்பில் மூன்றாவது குறிப்பு ஏறியது. 'மனுதாரர் அலுவலக வளாகத்தில் இடைத்தரகராகச் செயல்படுகிறார். கூலி: தேநீர்.'

ஆக, ஒரு வேலையும் இல்லாத மனிதருக்கு அரசாங்கக் கணக்கில் மூன்று வேலை.

மேல்முறையீட்டு விசாரணைக்குத் தேதி வந்தது. கூடவே இன்னொரு கடிதம் நேரே மாமனார் பெயருக்குப் போனது. சாட்சியாக நோட்டோடு ஆஜராக வேண்டும்.

விசாரணைக்கு முந்தின நாள் சாப்பிடும்போது மாமனார், "நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு. சட்டை இஸ்திரி போட்டு வைம்மா" என்றார். விசாரணையும் பத்து மணிக்குத்தான். மெத்தைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"மேல்முறையீட்டை வாபஸ் வாங்கிடறேன்" என்றார் மனைவியிடம். "வீடு போனா போகட்டும். அத்தனை பேர் முன்னாடி அவர் மாப்பிள்ளை பூங்காவுல புறாவுக்குத் தீனி போட்டவன்னு அவர் கேக்க வேண்டாம்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். பேசாம வாங்க. நானும் வரேன்" என்றாள் அவள்.

விசாரணை அறை சின்னது. மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரியம்மா. ஒரு பக்கம் மீசைக்கார குமாஸ்தா, கோப்போடு. இன்னொரு பக்கம் மெத்தைக்காரர், வியர்வையோடு. பின்வரிசையில் மனைவி. சாட்சி நாற்காலியில் மாமனார், மடியில் நோட்டு.

"மேடம், ஒரு நிமிஷம்" என்று மெத்தைக்காரர் எழுந்தார். "நான் மனுவை வாபஸ்..."

"உட்காருங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "டிப்போவுல பேர் கூப்பிட்ட பிறகு யாரும் வண்டியை விட்டு இறங்கறதில்லை."

மெத்தைக்காரர் உட்கார்ந்தார்.

அதிகாரியம்மா நோட்டை வாங்கிப் புரட்டினார். "புறப்பாடு எட்டு அஞ்சு, வருகை அஞ்சு நாற்பது. தினமும் இப்படியே இருக்கு. நீங்க எழுதினதுதானா பெரியவரே?"

"ஆமாம்மா. நிமிஷம் பிசகாது."

"பார்த்தீங்களா மேடம்!" என்றார் குமாஸ்தா, மீசையில் கை வைத்தபடி.

"தம்பி, நோட்டைப் பாதி பார்த்துட்டுப் பேசக் கூடாது. டிப்போ ரிஜிஸ்டர்ல புறப்பாடு முன்பக்கம் இருக்கும். வண்டி எங்க போச்சு, எங்க நின்னுச்சுங்கறது பின்பக்கம் இருக்கும். திருப்புங்கம்மா."

அதிகாரியம்மா நோட்டைக் கவிழ்த்துக் கடைசியிலிருந்து திறந்தார். சிவப்பு மையில் அதே அச்சுக் கையெழுத்து. உரக்கப் படித்தார்.

"'8.32 பூங்கா, மூணாவது பெஞ்சு. 9.40 அச்சகத்தில் வேலை கேட்டார், இல்லை என்றார்கள். 9.50 அதே பெஞ்சு. முகம் வாட்டம். 11.15 தூக்கம். 1.00 சாப்பாடு. பாதி புறாவுக்கு.'"

மெத்தைக்காரர் மெல்லத் தலை நிமிர்ந்தார்.

"மாமா... அந்தச் செய்தித்தாள்..."

"ஒரே பேப்பரை எத்தனை நாள்தான் படிக்கறது மாப்பிள்ளை? கண்ணே போயிடுச்சு. சாயங்காலம் உங்களுக்கு முன்னாடி வீட்டுக்குப் போய்ச் சேரணும்னு குறுக்குச் சந்துல ஓடி ஓடிக் கால் வேற."

"இந்த ஒரு நாள் மட்டும் பின்பக்கம் காலியா இருக்கே?" என்றார் அதிகாரியம்மா.

"அன்னைக்குக் கால் வலி. வீட்ல இருந்துட்டேன். கண்ணால பார்க்காததை எழுதறதில்லம்மா."

அதிகாரியம்மா கோப்பைப் பார்த்தார். விசாரணையாளர் வீட்டுக்குப் போன தேதி அதுதான். "அப்ப வேலைக்குப் போறார்னு ஏன் சொன்னீங்க?"

"வாசல்ல முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து நின்னு, உன் மாப்பிள்ளை வேலைக்குப் போறாரான்னா, இல்லன்னா சொல்லுவேன்? விட்டுக் குடுப்பேனா?"

மெத்தைக்காரருக்குக் கண் கலங்கியது. "எப்பத்திலேர்ந்து மாமா உங்களுக்குத் தெரியும்?"

"முதல் நாளே. என் பொண்ணுதான் சொன்னா. 'எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட காட்டிக்காதீங்கப்பா, தாங்க மாட்டார். மனசு ஒடிஞ்சு எங்கயாவது போயிடப் போறார், தினமும் பின்னாடியே போய்ப் பார்த்துக்கோங்க'ன்னா."

மெத்தைக்காரர் திரும்பினார். "என்கிட்ட, மாமா தாங்க மாட்டாருன்னியே?"

"ரெண்டு பேர் மனசும் நோகக் கூடாதே" என்றாள் மனைவி. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீசைக்கார குமாஸ்தாவும் எதற்கோ மூக்கை உறிஞ்சினார்.

அதிகாரியம்மா முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். "மேல்முறையீடு ஏற்கப்பட்டது. மனு கொடுத்த நாளிலிருந்து தொகை வரும். சருகு, தேநீர் ரெண்டையும் கோப்பிலேர்ந்து எடுத்துடுங்க."

மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, "பார்த்து மாமா, படி", "நீங்க பார்த்துப் போங்க மாப்பிள்ளை" என்று வாசலை நோக்கி நடந்தார்கள்.

"இனிமே ஒளிவுமறைவு வேண்டாம் மாமா. வேலை கிடைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் வீட்லயே இருக்கலாம்."

"இருக்கலாம் மாப்பிள்ளை. சமையலறையில நேரமே சரியில்லை."

பின்னால் வந்துகொண்டிருந்த மனைவியின் முகம் விழுந்துவிட்டது. அதைக் கண்ணாடிக்கு மேலாகக் கவனித்த அதிகாரியம்மா, குமாஸ்தா வெளியே போகும்வரை பொறுத்திருந்து, அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் இரும்மா. அடுத்த மாசம் என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகறார், மாமனார் ஏற்கெனவே வீட்லதான் இருக்கார். எட்டு மணிக்கு ரெண்டு பேரையும் வெளிய கிளப்பிவிட என்ன சொல்லணும்னு எனக்கும் கொஞ்சம் எழுதிக் குடுத்துட்டுப் போ."