விருட்டென்று எழுந்தது குறித்து மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

அயோத்தியாப்பட்டணம்,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சந்திரசேகர் அவர்களுக்கு, உங்கள் மச்சான் காளிதாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சரிதாவும் சுகம். அங்கு என் தங்கை சௌந்திரத்தின் சுகத்தையும், குழந்தை ஜீவாவின் குத்திய காது, குத்தாத காது இரண்டின் சுகத்தையும் அறிய ஆவல். என் போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் தபால்.

குலதெய்வக் கோயிலில் ஜீவாவை மடியில் வைத்திருந்த தாய்மாமன் பாதியிலேயே விருட்டென்று எழுந்து போய்விட்டான் என்று என் அத்தை சின்னாயி இங்கிருந்து கெங்கவல்லி ஊர் வரைக்கும் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைப் பற்றித்தான் என் வழக்கு. அணில் விருட்டென்று மரமேறினால் அழகு. பல்லி விருட்டென்று மறைந்தால் சாமர்த்தியம். ஐம்பத்தொரு வயது, நூற்று நாலு கிலோ, தேய்ந்த முட்டி. எனக்கு இதுவரை யாரும் அந்த வார்த்தையைக் கொடுத்ததில்லை. "நீங்க எந்திரிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிருமுங்க" என்பதுதான் சரிதா எனக்கு வழக்கமாகத் தரும் சான்றிதழ். ஆகவே முதலில் பெருமையாகவே இருந்தது. ஆனால் நம் சனத்தில் தாய்மாமன் விருட்டென்று எழுந்தால் அதற்குக் கோபம் என்று ஒரே அர்த்தம். மாலை சிறிது, பந்திக்கு முதலில் கூப்பிடவில்லை என்று எனக்கே தெரியாத காரணங்கள் பிறந்துவிட்டன. அத்தை, "மொற தெரியாத ஊட்டுல புள்ளையக் குடுத்துட்டமே!" என்று ஆரம்பிக்க, உங்கள் அப்பா, "மாமன் வந்து உக்கோந்தாத்தானுங்க அடுத்த காது" என்று ஆசாரியை எழுப்பிவிட, நான் காருக்குள் போய் உட்கார்ந்து முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தது நிஜம். உங்கள் பங்காளிகள் வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க மாமா, எறங்கி வாங்க" என்று கெஞ்சியது காதுக்கு இதமாகவும் இருந்தது.

உண்மை என்னவென்றால், ஆசாரி கம்பியை எடுத்தார், குத்தினார், ஒரு சொட்டு ரத்தம் வந்தது. குழந்தை சும்மா இருந்தான். எனக்குத்தான் கண் இருட்டியது. பயம் என்று சொல்வதைவிடக் கோபம் கௌரவமாகத் தெரிந்தது. ஒன்பது நாளாகச் சௌந்திரம் என்னோடு பேசவில்லை. குழந்தை ஒற்றைக் கடுக்கனோடு திரிகிறான். தாங்கவில்லை மாப்பிள்ளை. வரும் வெள்ளிக்கிழமை ஆசாரியைக் கூப்பிடுங்கள். பாறை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். ஜீவா இரண்டு காதிலும் நல்ல சொல் கேட்டு நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
காளிதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சரிதா விரலில் முள் ஏறிவிட்டது. ஊசியை நீட்டி எடுத்துவிடச் சொன்னாள். இதை மொட்டை மாடியிலிருந்து எழுதுகிறேன். பாறையை மறந்துவிடுங்கள். என் சித்தப்பா மகன் தங்கசாமியும் மாமன்தான். மடி கொடுக்கச் சம்மதித்துவிட்டான். நான் சீர்த்தட்டோடு கோயில் வாசலில் நிற்பேன். சௌந்திரத்திடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அத்தைக்கு மட்டும் கோபமாகவே இருக்கட்டும்.