மன்னர் ஓட்டு கேட்ட கதை

உலகத்தில் எத்தனையோ ராஜாக்கள் ஆண்டிருக்கிறார்கள். தோளில் ஸ்பானர் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மொபெட்டில் போய் ராஜ்ஜிய பரிபாலனம் செய்த ஒரே ராஜா எங்கள் தெரு மன்னர்தான்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் நான் குடியிருந்தபோது பக்கத்து போர்ஷன்காரர் அவர். தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் ரிப்பேர் செய்வது தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ரேஷன் கடையில்கூட “மன்னரே, கைரேகை வைங்க” என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அரச கம்பீரத்தோடு கட்டைவிரலை நீட்டுவார்.

பட்டம் வந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டால். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாடு. விளையாடுகிறவர்தான் ராஜா. கோட்டை, பிரபுக்கள், போர், சதி எல்லாம் உண்டு. மற்றவர்கள் அதில் வெட்டிக்கொண்டு சாவார்கள். நம் மன்னருக்குக் கத்தியில் ஆர்வமில்லை. அவர் உயிர் முழுக்க ராஜசபையில் இருந்தது.

எனக்கு அது தெரியவந்தது இப்படி. ஒருநாள் என் வீட்டு மிஷின் ஒழுகியது. பத்தே நிமிஷத்தில் சரிசெய்தார். எவ்வளவு என்று கேட்டேன்.

“பணம் வேணாங்க. நீங்க எனக்கு ஒரு உதவி பாக்கி. எப்ப கேட்டாலும் செய்யணும்.”

மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜாமீன் கையெழுத்தா, கிட்னியா, எதைக் கேட்பார் என்று தெரியாமல் தவித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் தட்டினார்.

“அந்த உதவியைக் கேக்க வந்திருக்கேன் சார்.”

லேப்டாப்பின் கீல் உடைந்து திரை நிற்கவில்லை. யாராவது பிடித்துக்கொண்டால் அவர் போரை முடித்துவிடுவார். இரண்டரை மணி நேரம் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போர் ஆரம்பிக்கவேயில்லை.

“ராஜாதானே நீங்க? போர்னா போர்தானே?” என்றேன், கை வலி தாங்காமல்.

“அப்படி நெனைச்ச ராஜாலாம் மண்டையைப் போட்டாங்க சார். சபையில அஞ்சு பேரு. மூணு பேரு கை தூக்கணும். மீறிப் போனா அத்தினி பேரும் மொறைச்சுக்குவாங்க. அதான், முன்னாடியே ஒவ்வொருத்தனுக்கும் ஒரு உதவி பண்ணி வெச்சுக்கணும். ஓட்டு வரும்போது அதைக் கேக்கணும். ஒரு உதவிக்கு ஒரு தடவைதான். கேட்டுட்டா தீந்துபோச்சு.”

திரையில் இருந்த பிரபுக்களுக்கெல்லாம் தெருக்காரர்களின் பெயரையே வைத்திருந்தார். தளபதி எங்கள் ரிடையர்டு ஹெட்மாஸ்டர். ஒற்றர் தலைவி இஸ்திரி வண்டி அம்மா. ஆசையாக, “நான் எங்க?” என்று கேட்டேன்.

“உங்களை ஜெயில்ல போட்டிருக்கேன்.”

“எதுக்கு?”

“போன வாரம் தண்ணி மோட்டரை நிறுத்த மறந்துட்டீங்களே. சும்மா போடல சார். சபையில ஓட்டு விட்டுத்தான். மூணுக்கு ரெண்டு.”

விளையாட்டோடு இது நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. எங்கள் தெருச் சங்கக் கமிட்டியிலும் சரியாக ஐந்து பேர். தலைவர் ஹெட்மாஸ்டர். ஹார்டுவேர் கடை பாய், அண்ணாமலையார் கோயில் குருக்கள், தெருவில் புதிதாக லாட்ஜ் கட்டியவர், செயலாளர் என்ற பெயரில் டீ வாங்கி வரும் நான். ஒரு கூட்டத்தில் லாட்ஜ்காரர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தெருமுனையில் தனம் அக்கா போட்டிருக்கும் டிபன் வண்டியை எடுக்க வேண்டும். விருந்தினர் கார்கள் திரும்ப முடியவில்லையாம். அடுத்த வாரம் ஓட்டெடுப்பு.

தனம் அக்கா புருஷன் இல்லாமல், அந்த வண்டியின் இட்லியை வைத்தே மகளை வேலூரில் நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் கடைசி வருஷம். செய்தியைக் கேட்டதும் அவர் அழவில்லை. சட்னியில் உப்பு போட மறந்துவிட்டார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்றார் பாய்.

மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடும் மன்னர், உப்பில்லாத சட்னியைக் கடைசிச் சொட்டு வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். “மூணு ஓட்டு வேணும் சார், வாங்க” என்று என்னை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டார். கமிட்டியில் எல்லார் வீட்டு மிஷினையும் காசு வாங்காமல் ரிப்பேர் செய்து வைத்திருந்தார். லாட்ஜ்காரர் மட்டும் காசு கொடுத்துத் தப்பித்திருந்தார்.

முதலில் பாய். மன்னர் ஆரம்பிப்பதற்குள் அவர் கையை ஆட்டினார்.

“இதுக்குப் போய் உதவியைக் கேப்பியா? அது கையில வெச்சுக்க. தனத்துக்கு என் ஓட்டு எப்பவோ போட்டாச்சு.”

உற்சாகமாகக் குருக்கள் வீட்டுக்குப் போனோம். அவர் சங்கடப்பட்டார். “நீர் செஞ்சதை மறக்கலை, மன்னரே. ஆனா என் பெரியவனுக்கு அவர் லாட்ஜில வேலை போட்டுக் கொடுத்திருக்காரே. அதுக்கு என்ன சொல்றது?”

மன்னர் மொபெட்டை ஹெட்மாஸ்டர் வீட்டுக்குத் திருப்பினார். அவரோ, “உதவி வேறு, விதி வேறு. தெருவை மறிப்பது விதிமீறல்” என்று பாடம் எடுத்து அனுப்பிவிட்டார்.

பாயும் நானும் சேர்ந்து இரண்டு, எதிரே மூன்று. திரும்பி வரும்போது மொபெட் ஆமை மாதிரி ஊர்ந்தது. அதன்பின் இரண்டு நாள் மன்னர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. ராஜ்ஜியம் என்ன ஆனதோ தெரியாது. மூன்றாம் நாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சட்டைக்குப் பட்டன்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

“தப்புப் பண்ணிட்டேன் சார்! பெரிய பிரபு யாருன்னு தப்பாப் பாத்துட்டேன்!”

“யாரு?”

“லாட்ஜ்காரர்னு நெனைச்சேன். அவரு இல்ல. தனம் அக்கா! பலம் ஜாஸ்தியா இருக்குற பிரபுவை சபைக்கு வெளிய விட்டா நாடே கவுந்துடும். உள்ள உக்கார வெச்சுட்டா கலகத்துல சேர மாட்டாங்க. அவங்க பலம் இன்னான்னு இந்தத் தெருவுக்குக் காட்டணும்.”

நேரே வண்டிக்குப் போய், “அக்கா, மூணு நாள் கடையை மூடுங்க” என்றார்.

“ஏம்பா, அவங்க எடுக்குறதுக்கு முன்னாடி நீயே எடுக்கச் சொல்றியா?” அக்கா கரண்டியை ஓங்கினார். “உங்க பலத்தைக் காட்டத்தான்க்கா” என்றார் மன்னர். என்ன தோன்றியதோ, அக்கா அடுப்பை அணைத்தார். “சரி, எம் பொண்ணையாவது பாத்துட்டு வரேன்” என்று வேலூர் பஸ் ஏறிவிட்டார்.

முதல் நாள் காலை ஹெட்மாஸ்டர் தானே உப்புமா கிண்டினார். அவருடைய சம்சாரம் மகன் வீட்டுக்குப் போயிருந்த சமயம்; அதுவரை அவருக்கும் தனம் அக்கா வண்டிதான். அந்த உப்புமாவைச் சாப்பிட்ட தெரு நாய் பிறகு அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. இரண்டாம் நாள் குருக்கள் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

“ஆத்துல சின்னதுகள் ரெண்டும் இட்லியைத் தொட மாட்டேங்கறதுகள்! விசாரிச்சா, ரெண்டு வருஷமா தனத்துக்கிட்டதான் சாப்ட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிண்டிருந்திருக்குகள். எங்காத்து மாமி அழுதுண்டிருக்கா!”

ஆனால் உண்மையான பிரளயம் லாட்ஜில்தான். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி ரிசப்ஷனில் வந்து, ‘என் இட்லி எங்கே’ என்று நின்றுவிட்டாள். ‘எங்கள் சமையலறையில் பக்குவமாகத் தயாரித்தது’ என்று லாட்ஜில் கொடுத்துவந்த காலை டிபன் முழுவதையும், அவர்கள் சமையல்காரர் தினமும் பின்வாசல் வழியாகத் தனம் அக்காவிடம் தூக்குவாளியில் வாங்கி வந்திருக்கிறார். முதலாளிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டத்துக்கு லாட்ஜ்காரர் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“தீர்மானத்தை...”

“வாபஸ்” என்றார் லாட்ஜ்காரர். “அந்தம்மா எப்ப வராங்க?”

வாசலில் நின்ற மன்னர் கையைத் தூக்கினார். “ஐயா, அவங்களையும் கமிட்டியில சேத்துக்குங்க. வெளிய விட்டது போதும்.”

ஐந்து கைகளும் ஒன்றாக உயர்ந்தன. குருக்கள் இரண்டு கையையும் தூக்கினார். வண்டி இரண்டடி தள்ளி நிற்பது, கார்கள் எதிர்ப்புறம் நிறுத்துவது என்று ஐந்து நிமிஷத்தில் முடிவாயிற்று.

ஊரிலிருந்து திரும்பிய தனம் அக்கா, “கமிட்டியா? அப்ப மாவு யாரு ஆட்டுறது?” என்றுதான் முதலில் கேட்டார். ஆனாலும் அடுத்த கூட்டத்துக்குப் பட்டுப்புடவையில் வந்தார். மன்னர் அந்தச் சந்தோஷத்தில், தெருமுனையில் தினமும் பொங்கல் போட வேண்டும் என்று ஒரு மனு கொடுத்திருந்தார். அக்கா அதை வாங்கிப் படித்தார்.

“வாரத்துக்கு ஒரு நாள்தான் பொங்கல். எதுக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. மனு தோற்றது. இவ்வளவு பாடுபட்டவருக்கு இப்படியா என்று நான்தான் கொதித்தேன். மன்னரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா சார்? சபையில உக்காந்த ஒடனே சொந்தமா யோசிக்கிறாங்க! அதான் நல்ல சபை!”

பிறகு அவருக்குக் கீழ்பென்னாத்தூரில் பெண் அமைந்தது. அங்கேயே சொந்தமாகக் கடை வைத்துக்கொண்டு போய்விட்டார். தனம் அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் ஸ்வீட் பெட்டி அங்கேதான் போனது.

அவர் போன மாதமே நானும் அந்த விளையாட்டை வாங்கினேன். சபை, ஓட்டு, பிரபு எல்லாம் இரண்டே வாரத்தில் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டன. இருந்தாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் போட்டு, “மன்னரே, இந்த ஓட்டு விஷயம் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது” என்கிறேன். “அது ஒண்ணும் கஷ்டமில்ல சார்” என்று அவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். நான் போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவன் மாதிரி ‘உம்’ கொட்டிக்கொண்டிருக்கிறேன்.