அரிப்பு நீங்கிய வரலாறு

தண்ணீரைத் தண்ணீராலேயே வென்ற அலுவலகம் இந்தப் பூவுலகில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது புதுச்சேரியில் உப்பளம் என்னும் பகுதியில், காரை பெயர்ந்த ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிவருகிறது. நம் நாட்டில் ஒன்றும் உருப்படாது என்று பேசித் திரிகிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து பார்வையாளர் ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். அதன் முழுப்பெயர் 'கரையோர அரிப்புத் தடுப்புக் கணிப்பு நடுவம்'. ஆட்டோக்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஓ, அரிப்பு ஆபீசா? குந்துங்க" என்பார்கள்.

எந்த ஊர்க் கரையைக் கடல் எப்போது தின்னும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது நடுவத்தின் திருப்பணி. அந்தக் கணக்கைப் போட்டால் எந்தக் கணினியும் கொதித்துப்போகும். ஆகவே, குழாய்களில் தண்ணீர் ஓடிச் சூட்டை இறக்குகிற கணினி ஒன்றைச் சொல்லிச் செய்து வாங்கினார்கள். கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வளைந்து வளைந்து போகும் குழாய்கள், ஒரு சின்ன மோட்டார், ஜிகுஜிகுவென்று விளக்கு. திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர் ஒருவர், மீன் எங்கே என்று கேட்டேவிட்டார்.

அதைச் செய்துகொடுத்தவள் கார்குழலி. அதே உப்பளத்தில் கடை போட்டிருக்கும் பொறியியல் பட்டதாரி; வாய் கொஞ்சம் நீளம். "சிப்பு மேல ஒக்காந்து சூட்ட வாங்குற கட்டை செம்பு. அதே சூட்ட வெளிய விடுற ரேடியேட்டரும் செம்பாத்தான் இருக்கணும்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கொள்முதல் குழுவோ, ஒவ்வொரு உறுப்பிலும் எது மலிவோ அதையே வாங்குவது என்ற உயர்ந்த நெறியில் நின்று அலுமினிய ரேடியேட்டரை வாங்கியது.

"செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணில கெடந்தா ஒண்ண ஒண்ணு தின்னும் சார்!"

"இங்க நாங்க எல்லாரும் அப்படித்தாம்மா இருக்கோம். ஆபீசு ஓடலியா?" என்றார் இயக்குநர் விஜயராகவன்.

உலோகத்தைக் காக்கும் மருந்து கலந்த தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாள். ஆடம்பரம் என்று அடித்துவிட்டார்கள். காய்ச்சி வடித்த தண்ணீராவது கொடுங்கள் என்றாள். புதுச்சேரியில் 'காய்ச்சி வடித்தது' என்றால் என்னவென்று குழந்தைக்கும் தெரியும்; அதை அலுவலக நேரத்தில் வாங்க இயலாது என்று குழு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கடைசியில் தாழ்வாரத்தில் இருந்த குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து நிரப்பினார்கள்.

இந்தப் பெருமைமிகு கணினியை இயக்குகிறவள் ஹேமலதா, ஒப்பந்த ஊழியர். கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். வீட்டுக்காரர் சரத்குமார் கடலுக்குப் போகிறவர். அவள் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு வரிசை வீடுகளும், வலை காயப்போடும் மணலும் இருந்தன. இப்போது வாசலில் கோலம் போட்டால் கடல் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. மழைக்கு முன்னால் 'கல் ஒதுக்கீட்டுக் கூட்டம்' நடக்கும். எந்த ஊருக்குக் கணிப்பு மோசமாக வருகிறதோ அந்த ஊர்க் கரையில் கல் கொட்டுவார்கள். ஹேமலதாவின் ஊர்க் கணக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. முடிந்தால் கல் வரும், கல் வந்தால் வீடு நிற்கும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இன்னாடி, ஒம் பொட்டி கணக்க முடிச்சிதா?" என்று மாமியார் அஞ்சம்மாள் வீடு திரும்பியதும் கேட்பாள்.

"போட்டுக்கினே இருக்குது அத்தே."

"அது முடிக்கறதுக்குள்ள கடலு முடிச்சிடும் போலக்குதே!"

இதற்கிடையில் ஓர் அற்புதம் நிகழ்ந்தது. குழாயில் ஓடிய தண்ணீர் மெல்ல மெல்லப் பச்சையாகத் தொடங்கியது. இயக்குநர் புல்லரித்துப்போனார். "பாத்தியாம்மா, தானாப் பச்சையாவுது! இதுதான் பசுமைத் தொழில்நுட்பம்!" உடனே 'பசுமைக் கணினி' என்று பலகை எழுதி மாட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்தார்கள். பிரான்சிலிருந்து வந்த ஒரு முசியே கண்ணாடியோரம் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ லா லா!" என்றார். வியந்து சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் அதை ஆண்டறிக்கையில் பாராட்டுரையாகச் சேர்த்தார்கள்.

பசுமை முற்ற முற்றக் கணினி கணக்கைத் தொடங்கிய சற்று நேரத்தில் சூடேறித் தானாக அணைந்துபோனது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. ஹேமலதா நாட்காட்டியைப் பார்த்தாள். கூட்டத்துக்கு அதிக நாள் இல்லை. ஓடிப்போய்க் கார்குழலியைக் கூட்டிவந்தாள்.

கார்குழலி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பசுமையாம், பெரிய பசுமை! இது கரோஷன்க்கா. செம்பு மேல களிம்பு ஏறிக்கெடக்கு. அலுமினியம் கரைஞ்சு சேறாயி, கட்டைக்குள்ள இருக்கற சின்னச் சின்னச் சந்தெல்லாம் அடைச்சிருச்சு. அப்புறம் தண்ணி எங்க ஓடும்?"

"இப்ப என்னா பண்றது?"

"தண்ணிய வடிச்சுட்டு எல்லாத்தயும் கழட்டணும். களிம்ப எடுத்துட்டு அலசணும். அலுமினியத்தத் தூக்கிக் கடாசிட்டு செம்பு ரேடியேட்டர் மாட்டி, மருந்துத் தண்ணி ஊத்தணும். ஒரு நாள் வேலை. ஆனா ஒங்க ஆளுங்ககிட்ட அனுமதி வாங்கறது எத்தினி மாச வேலைன்னு எனக்குத் தெரியாது."

அனுமதிக்கு மனு எழுத வேண்டும். நடுவத்தில் மனு என்றால் தனித்தமிழ் மனு. மொழிக்காப்பு அலுவலர் செந்தமிழ்ச்செல்வி சிவப்பு மையால் தொடாத காகிதம் இயக்குநரின் மேசையைத் தொடாது. 'சார்' என்ற சொல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதைக் காதால் கேட்காவிட்டால் இயக்குநருக்குச் சாப்பாடு செரிக்காது.

"கரோஷன்னு எழுதக் கூடாதுங்களா?" என்று ஹேமலதா கேட்டாள்.

"ஐயையோ! அரிப்பு என்று எழுதுங்கள். நம் நடுவத்தின் பெயரிலேயே இருக்கிறதே, அம்மணி!"

"மேல பச்சையாப் படிஞ்சிருக்குங்களே, அத களிம்புன்னு போட்டிருக்கேன்."

"ஆகா! நல்ல பழந்தமிழ்ச் சொல்!" என்று உச்சிகுளிர்ந்த செந்தமிழ்ச்செல்வி, மீதியிருந்த கம்ப்யூட்டர், பம்ப், ரேடியேட்டர், கூலிங் லூப் ஆகிய அயற்சொற்களை ஒன்றுவிடாமல் களையெடுத்தார். வடிகட்டி மிஞ்சிய மனு இதுதான்: 'உள்ளே கடும் அரிப்பு. எங்கும் களிம்பு. உடனே கவனித்தருள வேண்டுகிறேன். இப்படிக்கு, ஹேமலதா, கனகசெட்டிக்குளம்.'

படித்துப் பார்த்த விஜயராகவன் அவளைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, தகப்பனைப் போலப் பேசினார்.

"கூச்சப்படாதம்மா. எனக்கும் வெயில் காலத்துல வரும்."

"எனக்கு இல்ல சார்! கம்ப்யூட்டருக்கு!"

"கம்ப்யூட்டருக்கே ஒட்டிக்கிச்சா?" இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "அப்ப அந்த ரூமுக்குள்ள போய்வந்த எல்லாருக்கும் களிம்பு குடுக்கணுமே!"

"குடுக்க வேணாம் சார். களிம்ப எடுக்கணும்!"

"எடுத்துத்தாம்மா தடவணும். நானும் அதத்தானே சொல்றேன்?"

அன்று மாலையே அவசரக் கூட்டம். அரிப்புக்குக் களிம்பு என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஊழியர் நலநிதியில் குழாய் குழாயாகக் களிம்பு வந்திறங்கியது. காவலாளி முதல் கணக்கர் வரை முழங்கை, கழுத்து என்று அவரவர் இருப்புக்கு ஏற்பத் தடவிக்கொண்டார்கள். நெடுநாளாகச் சொறிந்துகொண்டிருந்த இரண்டு பேருக்கு உண்மையிலேயே குணமாயிற்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வார முடிவில் ஆணை வெளியானது: 'கனகசெட்டிக்குளம் ஹேமலதா தெரிவித்த கடும் அரிப்பு, நடுவத்தின் போர்க்கால நடவடிக்கையால் முற்றிலும் நீங்கியது. கோப்பு முடிக்கப்படுகிறது.'

ஹேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போங்கடா நீங்களும் ஒங்க களிம்பும்" என்று வாய்க்குள் முனகிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்குழலியோடு அலுவலகத்துக்கு வந்தாள். முழங்கையில் அரிப்பு தீர்ந்த நன்றியில் காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

பச்சைத் தண்ணீரை வாளியில் வடித்தார்கள். செம்புக் கட்டையைப் பிரித்தபோது, உள்ளே வாய்க்கால் தூர்ந்ததுபோல் சேறு அடைத்துக் கிடந்தது.

"புளி போட்டுத் தேச்சிடட்டுமா? வீட்ல செம்புக் குடத்துக்கு அதான் போடுவோம்."

"குடத்துக்குச் சரிக்கா. இந்தச் சந்துல புளி நாரு மாட்டிக்கிச்சுன்னா யாரு எடுக்கறது?" என்ற கார்குழலி, வினிகரில் தண்ணீர் கலந்து ஊறவைத்தாள். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பதமாகத் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசு அலசென்று அலசினாள். செம்பு புதுத்தாலி மாதிரி மின்னியது. கடையிலிருந்து கொண்டுவந்த செம்பு ரேடியேட்டரை மாட்டி, மருந்துத் தண்ணீரை ஊற்றினாள். அதிலும் பச்சை நிறமாகப் பார்த்தே வாங்கிவந்திருந்தாள். மறுநாள் இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, தன் பசுமை பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனார்.

கணினி மூச்சுவிடாமல் ஓடியது. கூட்டத்துக்கு முதல்நாள் கணக்கு முடிந்தது. இந்த மழைக்கே கனகசெட்டிக்குளத்தின் முதல் வரிசை வீடுகளைக் கடல் எடுக்கும் என்று திரையில் சிவப்பாக வந்தது. ஹேமலதா கைதட்டிக் குதித்தாள். தன் வீடு போகப்போகிறது என்ற செய்தியைப் படித்து இப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கூட்டத்தில் அவள் தாள்களை நீட்டினாள். விஜயராகவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாள்களைப் பார்க்காமல் கோப்பைப் புரட்டினார்.

"கனகசெட்டிக்குளமா? அங்க அரிப்பு நீங்கிடுச்சே."

"சார், அது வேற அரிப்பு!"

"அரிப்புல வேற அரிப்பு என்னாம்மா? செந்தமிழ்ச்செல்வி, தமிழ்ல இதுக்கு ரெண்டு சொல் இருக்கா?"

"ஒரே சொல்தான் ஐயா. இந்த நடுவம் அங்கீகரித்தது ஒன்றுதான்."

"பாத்தியா? உன் கம்ப்யூட்டர் சொல்றது இனிமே நடக்கப்போறது. ஃபைல் சொல்றது நடந்து முடிஞ்சது. நான் எத நம்பறது?"

"நானே அந்த ஊர்லதான் சார் இருக்கேன்! என் வாசப்படில தண்ணி நிக்குது!"

"உணர்ச்சிவசப்படாத" என்றார் இயக்குநர். அரிப்பை வென்ற முதல் ஊர் என்று கனகசெட்டிக்குளத்துக்குப் பலத்த கைதட்டலுடன் பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள். அதற்கென்று வைத்திருந்த கற்களைக் கொண்டு நடுவத்தின் வாசலில் 'அரிப்பு வெற்றித் தூண்' எழுப்புவதென்றும் முடிவாயிற்று.

லாரி லாரியாகக் கல் வந்தது. தூண் எழுந்தது. பிறகு மழையும் வந்தது. ஒரு காலைப்பொழுதில், அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஹேமலதா வீட்டு முன்சுவர் கடலுக்குள் போனது. எல்லோரும் பின்வாசல் வழியாக ஓடித் தப்பினார்கள். அஞ்சம்மாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "கல்லக் கொண்டுபோயி ஆபீசு வாசல்ல நட்டுவெச்சிக்கினானுவளே, நல்லா இருப்பானுவளா?"

இந்த முறை நடுவம் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. அரிப்பு நீங்கிவிட்ட ஊரில் சுவர் தானாக விழ வழியில்லை. ஆகவே அது விழவில்லை, இடிக்கப்பட்டிருக்கிறது. கடலோரத்தில் அனுமதியின்றி இடிப்பது குற்றம். ஹேமலதாவை நேரில் வந்து விளக்கம் தரச் சொன்னார்கள்.

சேலைக் கரையில் ஈரமணலோடு அவள் வந்து நின்றாள்.

"ஏம்மா, நம்ம ஆபீஸ்ல வேல பாத்துக்கிட்டு நீயே இப்படிப் பண்ணலாமா?" என்று விஜயராகவன் மனம் நொந்து கேட்டார். "செவுத்த இடிச்சது யாரு?"

"கடலு சார்."

"கடலா இருக்க முடியாது. நாங்க கையெழுத்துப் போட்டிருக்கோம். கடலுக்கும் உன் வீட்டுக்கும் எந்தச் சம்மந்தமும் இல்ல. நிதானமா யோசிச்சுச் சொல்லு, அப்படியே எழுதிக்கறோம்."

ஹேமலதா நிதானமாக யோசித்தாள்.

"சரி சார், எழுதிக்குங்க. நான் இடிக்கல, எங்க ஊட்டுக்காரரு இடிக்கல, எங்க அத்தையும் இடிக்கல. கடலும் இல்லன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க. அப்ப மிச்சம் இருக்கறது நீங்கதான் சார்."