மரத்துக்கு எண்ணெய் ஊற்றச் சொன்ன கணினி

ஸ்ஃபாக்ஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி ஷாத்லிக்கு,

அக்கா மப்ரூக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இறைவன் உன் முழங்கால் வலியைக் குறைக்கட்டும். பிள்ளையைப் பற்றி நீ அளக்கும் பெருமையையும் கூடவே குறைக்கட்டும்.

தூனிஸில் பெரிய படிப்புப் படித்த உன் மகன் அய்மன் வந்து என் பேத்தி ரிஹாபின் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டான். எண்ணெய் ஆலைக்காரர்கள் சங்கத்தில் அவள் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் இந்த வருட ஆலிவ் விளைச்சலைக் கணினியில் கணித்துக் காட்ட வேண்டும். அவள் எழுதிய புரோகிராம் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் சங்கத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் இவன், "இது இல்லாம என்ன கணக்கு அத்தை, ஒரே ஒரு வரிதான்" என்று என் மக்ரூத் இனிப்பை மென்றுகொண்டே ஒரு பேக்கேஜைச் சேர்த்தான். பேக்கேஜ் என்றால் யாரோ செய்துவைத்த வேலைகளின் மூட்டையாம். ரிஹாபின் மூட்டையில் 'வடிகட்டு' என்றொரு வேலை, காய்க்கிற மரங்களை மட்டும் பிரித்தெடுக்கும். இவன் மூட்டையிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது, அது எண்களைப் பிசைந்து கூழாக்கும். பெயர் ஒன்றாக இருந்தால் கடைசியாக உள்ளே வந்ததுதான் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருமாம். வந்தது, கூழாக்கியது.

சங்கத்தில் திரையைப் பார்த்தால் விளைச்சல் பூஜ்யத்துக்கும் கீழே! தலைவர் ஹாஜ் தய்யிப், "ஏம்மா, இந்த வருஷம் மரத்துக்கு நாங்கதான் எண்ணெய் ஊத்தணுமா?" என்று கேட்க, கூட்டமே சிரித்ததாம். கூடப் போயிருந்த உன் மேதை என்ன சொன்னான் தெரியுமா? "மரத்துலதான் ஏதோ கோளாறு."

ரிஹாப் அசரவில்லை. "நீங்க காபி குடிங்க, முடிக்கிறதுக்குள்ள சரி பண்றேன்" என்று சொல்லி, அவன் வரியைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே போட்டுத் தன்னுடையதைக் கடைசியில் ஏற்றினாள். நம் வீட்டு மூன்று ஹமாதிகளையும் அப்பன் பெயர் சேர்த்துக் கூப்பிடுவோமே, அந்த மாதிரி 'இன்ன மூட்டையின் வடிகட்டு' என்று முழுப் பெயரும் எழுதிவிட்டாள். கணக்கு நேரானது, வேலையும் நிரந்தரமானது.

உன் மனைவிக்கு சலாம். அய்மனுக்காகவும் துஆ செய்கிறேன்: அடுத்தவர் கணினியிலிருந்து அவன் கையை இறைவன் காக்கட்டும்.

அக்கா மப்ரூக்கா

பி.கு.: இதை ரிஹாபுக்குப் படித்துக் காட்டினேன். "அவர் அந்த வரிய முதல்ல மேலதான் போட்டாரு பாட்டி. நீங்கதான், 'பிந்தி வந்ததுக்கு முன்வரிசையா? ரொட்டிக் கடையில இப்படி நின்னா அடி விழும், கடைசியில போய் நிக்கச் சொல்லு'ன்னு அதட்டினீங்க" என்கிறாள். அதட்டியிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் சொன்னதும் கீழே இறக்கியவனுக்கு அத்தனை படிப்பு எதற்கு?